வில்லன் சட்டைப் பையில் கச்சாங் பூத்தே

அந்த நாடகத்தில் என் தாய்மாமா கையால் அடிபட்டுச் சாக வேண்டியவள் நான். சாவதற்கு முன்னால் பேச வேண்டிய வசனம் ஒன்றே ஒன்று. அதைச் சரியாகவே பேசினேன். சாவுதான் சரியாக வரவில்லை. அதனால் ஒரு கல்யாணம் நடந்தது, என் படிப்பு நின்றது, பிறகு பல ஊர்களைப் பார்க்கவும் முடிந்தது. ஒரு பொட்டலம் வறுகடலைக்கு இவ்வளவு பலனா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நடந்தது அப்படித்தான்.

அப்போது நாங்கள் தேக்காவில், பஃப்பலோ ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மா, மாமா, நான். மாடி முழுவதையும் பலகையால் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களுடையது சன்னல் இல்லாத நடு அறை. பக்கத்து அறையில் இருமினால் எங்களுக்குத் தூக்கம் கலையும். அப்பா துறைமுகத்தில் சரக்கு சரிந்து விழுந்து இறந்தபோது எனக்கு நினைவு தெரியாத வயது. அன்றே மாமா எங்களைத் தன் அறைக்குக் கூட்டிவந்துவிட்டாராம். அம்மாவும் நானும் கட்டிலில் படுப்போம். மாமா கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக்கொள்வார். காலையில் எழும்போது கட்டில் சட்டத்தில் அவர் தலை இடிக்கும். அந்தச் சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம்.

அம்மா சலவைக்கடை ஒன்றில் இஸ்திரி போட்டாள். மாமா டிராலி பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று மூன்று மொழிகளில் கத்திப் பழகியதால் அவர் குரல் நாடகத்துக்குத் தோதாக இருந்தது என்பார்கள். வேலை முடிந்து வரும்போது, தேக்கா சந்தை வாசலில் தலையில் தட்டு வைத்து விற்கிறவரிடம் எனக்குக் கச்சாங் பூத்தே வாங்கி வருவார். வறுத்த கடலையும் பட்டாணியும் கலந்து, பழைய காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் போட்டுத் தருவது. அந்தக் கூம்பு அவருடைய காக்கிச் சட்டையின் இடது பையில் கொம்பு முளைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். நான் மாடிப்படியின் உச்சியில் நிற்பேன். அவர் ஒரு படி கீழே நின்று குனிவார். நான் பையில் கைவிட்டு எடுக்க வேண்டும். எடுத்ததும் முதல் கடலையை அவர் வாயில் போட வேண்டும். போடாவிட்டால் நிமிர மாட்டார். வழியில் வருகிறவர்கள் திட்டினாலும் அப்படியே குனிந்து நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வேறு ஆள். எங்கள் தெருவிலேயே ஒரு தையற்கடை இருந்தது. அதன் முதலாளிதான் நாடக மன்றத்துக்குத் தலைவர். கடைக்கு விடுமுறை என்பதால் தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகை நடக்கும். மன்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மாமாவைப் போல வாரம் ஆறு நாள் வேறு வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாடகம் போட வேண்டும், அது புதிதாக இருக்க வேண்டும். ராஜா ராணி கதையும் கிரீடமும் கூடாது. இந்த ஊரில் நம் கண்ணெதிரே நடப்பதை எழுத வேண்டும். நோட்டீஸில் 'முற்றிலும் புதிய சமூக நாடகம்' என்று போடுவார்கள். 'முற்றிலும்' என்ற சொல் மட்டும் மற்ற எழுத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

கதாநாயகனாக நடிக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பொல்லாதவன் வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்காது. ஏனென்றால் எங்கள் சனம் அதை நாடகத்தோடு விடாது. சந்தையில் காய்கறி விற்றவர் ஒருவர், மாற்றாந்தகப்பன் வேஷம் போட்டுச் சிறுவனுக்குச் சூடு வைத்தார். மறுநாளிலிருந்து பெண்கள் அவர் கடையைத் தாண்டிப்போய் அடுத்த கடையில் கத்தரிக்காய் வாங்கினார்கள். "புள்ளைக்குச் சூடு வச்ச கை தொட்ட காய் நமக்கு வேணாம்" என்று ஒருத்தி அவர் காதுபடச் சொன்னாளாம். அவர் நல்ல மனிதர் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் தாண்டிப் போனார்கள்.

ஆகவே மன்றத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நாடகத்தை எழுதியவர் தனக்குப் பிடித்த வேஷத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அது எழுதியதற்குக் கூலி. மற்றவர்களுக்குத் தலைவர் பார்த்துக் கொடுப்பார். அந்த ஆண்டு எழுதியவர் மாமா. சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடும்பத்தைச் சீரழிக்கும் ஒருவனின் கதை. எழுதி முடித்த மாமா, ஏழைத் தொழிலாளியான கதாநாயகனை விட்டுவிட்டுக் குடிகாரனை எடுத்துக்கொண்டார். தலைவர் வாயில் வைத்திருந்த குண்டூசிகளைக் கீழே துப்பிவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

மாமாவுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், அம்மா ஒருத்திதான் பார்த்தாள். ஒவ்வொரு இடமும் நன்றாக வந்து கடைசியில் நழுவிப்போகும். ஒரு வீட்டில் பெண்ணின் தகப்பனார் உடம்பெல்லாம் எப்படி என்று சும்மா கேட்டதற்கு, மாமா தனக்கு மழைக்காலத்தில் மூச்சு வாங்கும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸின் பின்னால் ஓடி ஏறுகிற மனிதருக்கு மூச்சு வாங்கியதை நாங்கள் பார்த்ததே இல்லை. இன்னொரு வீட்டில், கப்பலில் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், போனால் எப்போது திரும்புவேன் என்று தெரியாது என்றும் சொன்னார். அம்மா கிரகங்களைத் திட்டினாள். எனக்கும் கிரகங்கள் மேல் கோபம். மாமாவுக்குக் கல்யாணம் நடந்தால் எனக்குப் பட்டுப்பாவாடை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மூன்றாவதாக வந்தது செம்பவாங் பக்கத்திலிருந்து. பெண்ணின் தகப்பனார் கப்பல் தளத்தில் மண்டோர், அதாவது கூலியாட்களுக்கு மேலாள். ஒரு சொட்டுத் தொடாதவர். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவனைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவார் என்று பேர். அந்தப் பெண்ணை நான் ஒருமுறை கோயிலில் பார்த்திருந்தேன். முன்பற்களுக்கு நடுவே சந்து இருந்தது. யாரோ தேங்காய் உடைத்துத் தண்ணீர் ஐயர் முகத்தில் அடித்தபோது, எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொள்ள, அவள் மட்டும் அடக்காமல் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பட்டுப்பாவாடை இல்லாவிட்டாலும் இந்தக் கல்யாணம் நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையைப் பற்றி மண்டோர் விசாரிக்க எங்களுக்குச் சொந்தபந்தம் என்று இங்கே யாரும் இல்லை. அதனால் அவர் சொன்னார், "தம்பி நாடகம் எழுதுறாராமே. நாங்க குடும்பத்தோட வந்து பாக்குறோம். பத்துப் பேருக்கு முன்னால ஒரு ஆளு எப்படி நிக்கிறான்னு பாத்தா போதும், பாதி தெரிஞ்சிரும்." அம்மா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். மாமா என்ன வேஷம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. கதாநாயகன் என்றே நினைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு, உடுப்புகளுக்கு அளவு பார்க்க ஒத்திகைக்கு வந்தாள். மன்றத்து உடுப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தருவது எப்போதும் அம்மாதான். அவள் உள்ளே நுழைந்தபோது மாமா கையில் வெறும் பாட்டிலோடு தள்ளாடிக்கொண்டிருந்தார். நான் தரையில் கிடந்தேன்.

"டேய், என்னடா இது?"

"ஒத்திகைக்கா."

"அது தெரியுது. நீ ஏன் ஆடுற?"

"நான்தான்க்கா குடிகாரன்."

அம்மா தலைவரைப் பார்த்தாள். தலைவர் அளவு நாடாவைச் சுருட்டி விரித்து மறுபடி சுருட்டினார். "நான் சொல்லிப் பாத்துட்டேன் தங்கச்சி. எழுதுனவரு கேட்டா இல்லேன்னு சொல்ல வழக்கம் இல்ல."

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கடா. அந்த மனுஷன் கள்ளுக்கடை இருக்கிற தெருவுலகூட நடக்க மாட்டாரு. வேஷத்த மாத்து."

"மாத்த முடியாது லா. போலீஸ்ல எழுதிக் கொடுத்து பெர்மிட் வாங்கியாச்சு. யாரு என்ன வேஷம், யாரு என்ன பேசணும், எல்லாம் அதுல இருக்கு. ஒரு எழுத்து மாறுனாலும் நாடகத்த நிறுத்திருவான்."

அது உண்மைதான். அந்தக் காலத்தில் புது நாடகம் என்றால் முழு வசனத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மேடையில் யாராவது சொந்தமாக ஏதேனும் பேசிவிட்டால் தொல்லை. நாடகத்தன்று ஒரு தமிழ்க் கிராணி, அதாவது எழுத்தர், முன்வரிசையில் உட்கார்ந்து, கையிலிருக்கும் பிரதியோடு ஒத்துப் பார்ப்பார்.

"அது கலைக்கா," என்றார் மாமா. "அது வேற, வாழ்க்கை வேற."

"நம்ம சனத்துக்கு அது வேற இது வேறன்னு தெரியுமாடா? கத்தரிக்காக்காரர கேளு."

மாமா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அது உருளாமல் காலால் தடுத்துக்கொண்டு நின்றார். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவளோ சாதாரணமாக, "சரி, அந்தக் கோட்டக் கொடு. நாத்தம் அடிக்குது, துவைச்சு வைக்கிறேன்" என்றாள். குடிகாரனுக்காகச் சுங்கை ரோட்டுப் பழைய சந்தையில் பிடித்த ராணுவக் கோட்டு அது. மூன்று பேர் உள்ளே நுழையலாம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அம்மா சமாதானம் ஆகிவிட்டாள் என்று எனக்கு நிம்மதி.

என் வேஷம் குடிகாரனின் மகள். பெரிய பெண்கள் மேடை ஏறுவதில்லை. சிறுமிகள் ஏறலாம். என் தாயாக நடித்தவர் ஒரு தபால்காரர். அதற்காக மீசையை எடுத்திருந்தார். அது தெருவுக்கே தெரிந்த தியாகம். எனக்கு எழுத்து சரியாக வராது என்பதால் வசனத்தைக் காதால்தான் பாடம் செய்தேன். மாமா கட்டிலுக்கு அடியிலிருந்து சொல்லிக் கொடுப்பார், நான் கட்டில்மேல் இருந்து திருப்பிச் சொல்வேன். "அப்பா! இந்தக் கொலுசை மட்டும் கேட்காதீர்கள்! இது என் தாயின் கண்ணீர்!" கொலுசு எப்படிக் கண்ணீராகும் என்று கேட்டேன். பேசாமல் சொல் என்றார். அதற்குப் பிறகு மாமா இடுப்பு வாரை ஓங்குவார். மேடையின் ஓரத் தட்டிக்குப் பின்னால் தலைவர் கோணிச்சாக்கைத் தடியால் அடிப்பார். அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அலறித் துடித்து விழுந்து, சாக வேண்டும். மாமா என் பக்கம் குனிந்து, "ஐயோ, என்ன காரியம் செய்தேன்!" என்று கதறிவிட்டு ஓட வேண்டும். தபால்காரர் வந்து என்னை மடியில் போட்டு ஒப்பாரி வைப்பார். ஒத்திகையில் நான் அருமையாகச் செத்தேன். தலைவரே கண்ணைத் துடைத்தார்.

நாடகம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சாயங்காலம் கதவு திறக்கும் முன்பே கூட்டம். அம்மா எனக்குப் பவுடர் பூசி, பொட்டு வைத்து, கொலுசு மாட்டினாள். எப்போதும் எங்கே போனாலும் முதலில் எனக்குச் சோறு போட்டுவிடுகிறவள், அன்று மத்தியானத்திலிருந்தே ஒன்றும் தரவில்லை. கேட்டால், "தின்னா பவுடர் கலையும். செத்ததுக்கு அப்புறம் தின்னுக்கலாம்" என்றாள். பிறகு மாமாவுக்குக் கோட்டை அவளே பிடித்து மாட்டிவிட்டாள். உள்சட்டையை இழுத்துவிட்டு, மார்பில் இருந்த சுருக்கத்தை நீவிவிட்டாள். மாமா வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு குழந்தைபோலக் கைகளைத் தூக்கி நின்றார். அவர் போனதும் அம்மா என் காதில் சொன்னாள்:

"மாமா சட்டப்பையில கச்சாங் பூத்தே வச்சிருக்கேன். எல்லாம் உனக்குத்தான்."

"எப்பம்மா எடுக்கலாம்?"

"வசனத்த ஒழுங்கா சொல்லு. அப்புறம் கைக்கு எட்டுனா எடுத்துக்க."

அவள் முன்வரிசைக்குப் போய்ப் பெண் வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தட்டியின் இடுக்கு வழியே பார்த்தேன். மண்டோர் வேட்டிக்குமேல் வெள்ளைக் கோட்டுப் போட்டு, கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றியிருந்தார். அவருக்கு அடுத்தாற்போல் அந்தப் பல்சந்துப் பெண். சற்றுத் தள்ளிக் கிராணியார், மடியில் பிரதி.

மாமா தள்ளாடி மேடைக்கு வந்தார். நான் அவரோடு ஒரே அறையில் வளர்ந்தவள், எனக்கே பயம் வந்தது. கண் சிவந்திருந்தது. நாக்குக் குழறியது. பானையை உதைத்தார். தபால்காரரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். சவுரி கையோடு வந்துவிடாமல் பக்குவமாக இழுத்தார். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நாசமாப் போறவனே, உனக்குச் சோறு எறங்குமாடா!" என்று கத்தினாள். அது நடிப்புக்குக் கிடைத்த பெரிய மாலை. ஆனால் மண்டோரின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கைத்தடியை எடுத்து எழுந்திருக்கப் பார்த்தார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

என்னை உள்ளே தள்ளிவிட்டார்கள். கொலுசைக் கேட்டார் மாமா. நான் என் வசனத்தை, கண்ணீர் உட்பட, ஒரு சொல் பிசகாமல் கூவினேன். கைதட்டல். வாரை ஓங்கினார். தட்டிக்குப் பின்னால் தலைவர் சாக்கை அடித்தார். நான் அலறினேன். மறுபடி அடித்தார். மறுபடி அலறி, மண்டியிட்டேன். மாமா என்மேல் குனிந்தார். பொத்தான் போடாத கோட்டு இரண்டு பக்கமும் திறந்து தொங்கியது. உள்ளே, சட்டையின் இடது பையில், கொம்புபோலக் காகிதக் கூம்பு.

வசனம் முடிந்திருந்தது. கைக்கு எட்டியது. எடுத்துக்கொண்டேன்.

மாமா வார் ஓங்கிய கையோடு நின்றுவிட்டார். தலைவருக்கு மேடை தெரியாது. அவர் பாட்டுக்குச் சாக்கை மொத்திக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் அடிக்காத மேடையில் பட்டுப் பட்டென்று அடி விழுந்தது. நான் கூம்பைப் பிரித்து ஒரு கடலையை எடுத்தேன். முதல் கடலை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் வாயருகே நீட்டினேன். அவர் வார் ஓங்கியபடியே வாயைத் திறந்தார். அது அவர் செய்ததல்ல, அவர் வாய் செய்தது என்றுதான் நினைக்கிறேன். அத்தனை வருஷப் பழக்கம். கடலையை மென்று விழுங்கிய பிறகுதான் நிமிர்ந்தார்.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய், சம்சுக்குத் தொட்டுக்க ஊட்டிவிடுது பாருடா!"

அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நான் அதற்குப் பிறகு எங்கும் கேட்டதில்லை. சாபம் விட்ட பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பல்சந்துப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டாள். வசனம் எடுத்துக்கொடுக்கிறவர் தட்டிக்குப் பின்னாலிருந்து, "விழு! விழுந்து தொலை! சாவுடி!" என்று பதறினார். நான் நல்ல பிள்ளையாக மல்லாந்து படுத்தேன். கூம்பை மார்பில் நிறுத்தி வைத்துக்கொண்டேன், சிந்திவிடக் கூடாதே. மாமா "ஐயோ, என்ன காரியம் செய்தேன்!" என்றார். அந்த வசனம் அவ்வளவு பொருத்தமாக எந்த ஒத்திகையிலும் அமையவில்லை.

பாவம் தபால்காரர். ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. ஓடிவந்து என்னை மடியில் கிடத்திக்கொண்டு, "மகளே! உன் பவள வாய் இனி அசையாதா?" என்று மார்பில் அடித்துக்கொண்டார். அது அசைந்துகொண்டுதான் இருந்தது. நிறையக் கடலை இருந்தது. அவர் ஒப்பாரியை ஒரு வரி விடாமல் முடித்தார். மீசையை எடுத்த மனிதர், சும்மா விடுவாரா.

திரை விழுந்ததும் முதலில் வந்தது கிராணியார். தலைவர் கைகட்டி நின்றார். "வசனத்துல மாத்தம் ஒண்ணும் இல்ல," என்றார் கிராணியார், பிரதியைப் புரட்டிக்கொண்டு. "ஆனா சோக நாடகம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே?"

அடுத்து மண்டோர் வந்தார். மாமா கோட்டைக் கழற்றாமல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

"தம்பி, அச்சு அசல் குடிகாரன்தான் போங்க. நான் பாதியிலயே கிளம்பியிருப்பேன். என் பொண்ணுதான் உட்காருங்கப்பான்னு புடிச்சு வச்சா."

மாமா தொண்டையைச் செருமினார். "மண்டோர், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நடிப்புக்குன்னு மட்டும் இல்ல, நான் அப்பப்ப கொஞ்சம்…"

"கொஞ்சம் என்ன?"

"கொஞ்சம் போடுவேன்."

மண்டோர் கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "முப்பது வருஷமா குடிகாரனுங்களோட மாரடிக்கிறேன் தம்பி. அவனுங்க பையத் தடவுனா பாட்டில் இருக்கும். கச்சாங் பூத்தே இருந்து நான் பாத்ததில்ல லா." என் தலையில் கைவைத்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, "நாள் பாருங்கம்மா" என்றார்.

மாமாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. நாடகத்தைக் கெடுத்ததற்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. கோட்டுக்குள் என்னை நுழைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார்.

கல்யாணம் தையில் நடந்தது. பட்டுப்பாவாடை வந்தது. அத்தை வந்து சில நாள்தான், அம்மா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்றாள். மாமா கத்தினார்.

"என்னக்கா அவசரம்? இன்னொரு பாய் போட்டா ஆச்சு!"

"புதுப் பொண்டாட்டிய கட்டிலுக்கு அடியில படுக்கவைப்பியாடா? போடா."

அத்தையும் தடுத்தாள், மனதாரத்தான் தடுத்தாள். அம்மா கேட்கவில்லை. மாமா எங்கள் மூட்டையை ஜொகூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பிய பிறகும் பழக்க தோஷத்தில் பக்கத்தில் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடிவந்தார். மூச்சு வாங்கவில்லை.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. நான்தான் போகவில்லை. சமையற்கட்டில் ஆள் போதாது, அம்மாவின் கை வெந்நீரில் பொத்துப் போயிருந்தது. மூன்றாம் வகுப்போடு முடிந்தது. அதன் பிறகு ஒரே இடத்தில் இருக்கிற பழக்கமும் போய்விட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். ஒரு சர்க்கஸ் கம்பெனியோடு மலாயா முழுக்கச் சுற்றி வாசலில் டிக்கெட் கிழித்தேன். யானைக்கு எனக்கு முன்னால் சாப்பாடு; அது நியாயம்தான், அது அதிகம் உழைத்தது. ஊருக்குத் திரும்பி ஜூரோங்கில் பலகைத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். எழுத்தைக்கூடப் போகிற ஊர்களில் ஒட்டியிருந்த நாடக நோட்டீஸ்களைக் கூட்டிக் கூட்டித்தான் கற்றேன். எனக்கு முதலில் பிடிபட்ட சொல் 'முற்றிலும்'. இப்போது பிடோக்கில் இருக்கிறேன். சன்னல் இருக்கிற வீடு. தீபாவளிக்குத் தீபாவளி மாமா வீட்டுக்குப் போவேன். அத்தை கதவைத் திறக்கும்போதே சிரிப்பாள், தட்டில் கச்சாங் பூத்தே தனியாக இருக்கும். மாமா அதற்குப் பிறகும் புது நாடகங்கள் எழுதினார். ஆனால் பொல்லாதவன் வேஷம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அவர் முறைத்தாலே சபை சிரித்தது.

ஜூரோங் வேலையின்போது பக்கத்தில் பூன் லேயில் குடியிருந்தோம். அங்கே ஒருநாள் அம்மா என் தொழிற்சாலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கோ அந்த நாடகத்தின் பேச்சு வந்தது.

"உன் மாமன் எனக்காகத்தான் குடிகாரன் ஆனான்," என்றாள். "மூச்சு வாங்குதுன்னதும் எனக்காகத்தான், கப்பலும் எனக்காகத்தான். ஒரு ரூமு. அவன் கட்டிக்கிட்டா நாம எங்க போறது? அதுக்குத்தான்."

"நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நான் அன்னைக்கே மூட்டையக் கட்டியிருப்பேன், அது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு நான் காட்டிக்கிட்டா, கட்டிக்கவே மாட்டேன்னு நேரா நின்னுருப்பான். அதான் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல."

"என் படிப்புல்லம்மா போச்சு."

"ஆமா, நீ படிச்சுக் கிழிச்சிருப்ப," என்று சட்டையைத் திருப்பிப் போட்டாள். இருவரும் சிரித்தோம்.

அவள் சொன்ன பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. மேடையில் கடலையை விழுங்கிவிட்டு நிமிர்ந்தபோது மாமா என்னைப் பார்க்கவில்லை. சிரிக்கிற கூட்டத்தையும் பார்க்கவில்லை. விளக்குகளுக்கு அப்பால் முன்வரிசையில் அம்மாவையே பார்த்தார். அந்த மண்டபத்தில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தாள். இருவரும் அப்படிப் பார்த்துக்கொண்டதை நான் மேடைத் தரையில் செத்துக் கிடந்தபடி கண்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவும் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லையே, பசிக்கிறது போலும் என்று நினைத்தேன். கூம்பின் வாயை மடித்து மூடி, மிச்சத்தை அவளுக்காக வைத்துக்கொண்டேன்.